சிவப்பு அங்கியும் நடுகல்லும்

ஓர் அரசனோ படைத்தலைவனோ எல்லா ஊர்களிலும் ஒரே வேளையில் நிற்க இயலாது. ஆனால் அவனுடைய உருவம் நிற்கும். ஆதலால் அதிகாரம் வேரூன்றிய இடமெல்லாம் உருவம் எழுதும் கலையும் உடன் சென்றது. நாணயத்தில் பொறித்த தலையும், கோயில் மண்டபத் தூணில் கைகூப்பி நிற்கும் நாயக்க மன்னரின் சிலையும், கவர்னர் மாளிகைச் சுவரில் ஆளுயரத்துக்குத் தொங்கிய எண்ணெய் வண்ணப் படமும் செய்த பணி ஒன்றே. தலைவன் இங்கே இருக்கிறான், அவனை மறவாதே என்று அவை பார்ப்பவனிடம் கூறின.

ஓசூரும் கிருஷ்ணகிரியும் இன்று தொழிற்சாலைகளாலும் மாந்தோப்புகளாலும் அறியப்படும் ஊர்கள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து பேசிய இந்த எல்லை மண்ணில், சிப்காட் தொழிற்பேட்டை எழுந்த பின் இந்தியாவின் பல மொழிகளும் கேட்கின்றன. பெங்களூர் நெடுஞ்சாலையில் விரையும் பேருந்தின் சன்னல் வழியே இங்குள்ள மலைக்கோட்டைகளைக் காண்கிறோம். இருநூறு ஆண்டுகளுக்கு முன் இக்குன்றுகளின் படங்களை இலண்டன் நகரத்துச் செல்வர்கள் விலை கொடுத்து வாங்கினார்கள் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. இங்கு நடந்த போர் அங்கு ஓவியமாயிற்று, ஓவியம் புகழாயிற்று, புகழ் ஆட்சிக்கு அரணாயிற்று. அந்த மாற்றத்தில் யாருடைய முகம் நிலைத்தது, யாருடைய முகம் மறைந்தது என்பதைச் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

தானியம் வந்த வழி

1790-ஆம் ஆண்டில் மூன்றாம் மைசூர்ப் போர் தொடங்கியது. தலைமை ஆளுநரான காரன்வாலிஸ் பிரபு தாமே படை நடத்த வந்தார். 1791 மார்ச் 7-இல் பெங்களூர்ப் பேட்டையும், மார்ச் 21-இல் கோட்டையும் அவர் வசமாயின. மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தை நெருங்கிய அவரை மழையும் நோயும் பசியும் தடுத்தன. வண்டி இழுக்கும் மாடுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. முற்றுகைக்குக் கொண்டுசென்ற பெரும் பீரங்கிகளைத் தாமே அழித்துவிட்டு அவர் திரும்ப நேர்ந்தது.

இந்த இடத்தில்தான் நம் பகுதி வரலாற்றில் நுழைகிறது. கர்நாடகச் சமவெளியிலிருந்து மைசூர் மேட்டுநிலத்திற்குத் தானியமும் மாடுகளும் ஏறிவரும் கணவாய்கள் பாராமகாலில் இருந்தன. அவற்றைக் காத்து நின்றவை ஓசூரும் இராயக்கோட்டையும். 1791 ஜூலையில் ஓசூர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அதே மாதம் இராயக்கோட்டையும் விழுந்தது. நவம்பர் 7-இல் மாக்ஸ்வெல் என்னும் அதிகாரி கிருஷ்ணகிரியைத் தாக்கினார். அடிவாரக் கோட்டை வீழ்ந்தது. மலைமேல் இருந்தோர் பாறைகளை உருட்டிவிட, ஏற முயன்றவர்கள் பின்வாங்கினர். 1792 பிப்ரவரியில் ஸ்ரீரங்கப்பட்டணம் மீண்டும் முற்றுகையிடப்பட்டது. திப்பு சுல்தான் தம் நாட்டில் பாதியையும், மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாயையும் தர இசைந்தார். உறுதிமொழி நிறைவேறும் வரை இரண்டு புதல்வர்களைப் பிணையாக ஒப்படைத்தார். பாராமகால் கம்பெனியின் உடைமையாயிற்று. ஓசூர் மீண்டும் திப்புவிடம் சென்று, 1799-இல்தான் ஆங்கிலேயரிடம் முடிவாக வந்து சேர்ந்தது.

போரை முடிவு செய்தவர்களுள் மாடு ஓட்டியவரும் மூட்டை சுமந்தவரும் முக்கியமானவர்கள் என்பதை இந்தச் செய்திகள் காட்டுகின்றன. பல்லாயிரம் எருதுகளில் தானியம் ஏற்றிவந்த லம்பாடி வணிகர் இல்லையேல் காரன்வாலிசின் படை இரண்டாம் முறையும் பசியால் திரும்பியிருக்கும். ஓவியம் சொன்ன கதையோ வேறு.

ஓவியத்தின் இலக்கணம்

இராபர்ட் ஹோம் என்னும் ஆங்கில ஓவியர் 1791-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னை வந்து சேர்ந்தார். காரன்வாலிசின் படையோடு செல்ல இசைவு பெற்றார். கோட்டைகளையும் மலைகளையும் வரைந்து, 1794-இல் இலண்டனில் மைசூர்க் காட்சிகள் அடங்கிய நூலாக வெளியிட்டார். ஓசூரும் அதில் இடம்பெற்றது. அடுத்து, தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் புகழ்பெற்ற ஓவியர் இருவர் 1792-இல் பாராமகால் வழியே பயணம் செய்தனர். இராயக்கோட்டை, வீரபத்திர துர்க்கம், ஜகதேவி ஆகிய மலைக்கோட்டைகள் அவர்களுடைய படத்தொகுதியில் உள்ளன. நிலக்காட்சியும் ஒரு வகையில் வெற்றிச் சின்னமே. முந்தைய ஆண்டு வரை ஏற முடியாதிருந்த மலையை, இப்போது மரத்தடியில் அமர்ந்து அமைதியாக வரைய முடிகிறது என்பதே அதன் பொருள்.

ஹோமின் பெயரை நிலைநிறுத்தியது, திப்புவின் புதல்வர்களைக் காரன்வாலிஸ் ஏற்றுக்கொள்ளும் காட்சி. 1792 பிப்ரவரி 26-இல் நடந்த நிகழ்ச்சி அது. அந்தப் பெரிய ஓவியம் இன்று இலண்டனில் உள்ள தேசியப் படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுவில் தளபதி நிற்கிறார். ஏறத்தாழப் பத்தும் எட்டும் வயதான அப்துல் காலிக், முயிசுத்தீன் என்னும் சிறுவர்கள் அவர்முன் வருகின்றனர். திப்புவின் தூதர் குலாம் அலி கான் அவர்களை ஒப்படைக்கிறார். சுற்றிலும் சிவப்பு அங்கியணிந்த அதிகாரிகள். பின்புறம் யானைகளும் கொடிகளும். ஓரத்தில், படக்கோப்பைக் கையில் ஏந்தியவராக, ஓவியர் ஹோம் தம்மையும் எழுதிக்கொண்டிருக்கிறார். 'நான் கண்டேன், இது உண்மை' என்னும் சாட்சிக் கையெழுத்துப் போன்றது அது.

இத்தகைய படங்களுக்கு ஓர் இலக்கணம் உண்டு. தலைவர் நிற்பார், அல்லது குதிரைமேல் இருப்பார். பார்ப்பவனுடைய கண் அவரை அண்ணாந்து நோக்கும்படி தொடுவானம் தாழ்த்தி எழுதப்பட்டிருக்கும். வெளிச்சம் அவர் முகத்திலும் மார்பிலுள்ள விருதிலும் விழும். ஒரு கை வாளின் பிடியிலோ இடுப்பிலோ இருக்கும். மறு கை ஒரு திசையைச் சுட்டும். போர்க்களம் மிகத் தொலைவில் சிறு புகையாகத் தெரியும். முகத்தில் சினமோ வியர்வையோ இராது. அமைதியே ஆட்சித் தகுதியின் அடையாளம். விலையும் அளவைப் பொறுத்தது. மார்பளவுப் படத்திற்கு ஒரு விலை, இடையளவுக்கு வேறு விலை, ஆளுயரத்துக்கு எல்லாவற்றினும் மேலான விலை. எத்தனை அடி உயரத்தில் ஒருவர் தொங்குகிறார் என்பதைக் கொண்டே அவருடைய நிலையை அறியலாம்.

காரன்வாலிசுக்கு இந்தப் படம் எத்துணை தேவையாயிருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1781-இல் அமெரிக்காவின் யார்க்டவுனில் தம் படை முழுவதையும் சரணடையச் செய்தவர் அவர். உடல்நலமின்மையைக் கூறிச் சரணடையும் சடங்குக்கு அவர் வரவில்லை. தமக்குக் கீழிருந்த அதிகாரியை அனுப்பினார். 'காரன்வாலிஸ் பிரபுவின் சரணாகதி' என்ற பெயரில் ஜான் டிரம்புல் எழுதிய ஓவியம் வாஷிங்டன் நாடாளுமன்ற மாளிகையில் இருக்கிறது; அதில் காரன்வாலிஸ் இல்லை. தோல்வியில் மறைத்துக்கொண்ட முகத்தை வெற்றியில் நடுவே நிறுத்திக்கொள்ளும் வாய்ப்பு அவருக்கு மைசூரில் கிடைத்தது. இந்தியாவுக்கு ஒருமுறையும் வராத மாதர் பிரவுன் போன்ற ஓவியர்களும் பிணைச் சிறுவர் காட்சியை எழுதினர். அச்சுப் படங்கள் பெருகின. பிள்ளைகளைப் பிணையாகப் பெற்ற செயல், தந்தையினும் பரிவுள்ள ஒருவர் பிள்ளைகளை வரவேற்ற செயலாக மக்கள் மனத்தில் பதிந்தது. நம் வாசகர்கள் இதைச் சென்னையிலேயே காணலாம். புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் தாமஸ் பாங்க்ஸ் செதுக்கிய காரன்வாலிஸ் சிலை நிற்கிறது. அதன் பீடத்தில் இதே காட்சி புடைப்புச் சிற்பமாக உள்ளது.

பலிபீடத்திலிருந்து போர்க்களத்திற்கு

ஹோம் எழுதிய மற்றோர் ஓவியம், பெங்களூர்ப் பேட்டை வாயிலில் மாண்ட கர்னல் மூர்ஹவுசின் மரணம். குண்டடிபட்டுச் சாயும் அதிகாரியைத் தோழர்கள் தாங்குகின்றனர். இந்த அமைப்பு நமக்கு மிகவும் பழகியது. சிலுவையினின்று இறக்கப்பட்ட ஆண்டவரின் திருவுடலைத் தாயும் சீடர்களும் தாங்கும் காட்சியை எத்தனையோ ஆலயங்களில் கண்டிருக்கிறோம். பெஞ்சமின் வெஸ்ட் என்னும் ஓவியர் 1770-இல் கனடாப் போரில் மடிந்த தளபதி உல்ஃபின் மரணத்தை எழுதியபோது அந்த அமைப்பைப் போர்க்களத்துக்குக் கொண்டுவந்தார். அவர் வழியைப் பின்வந்தோர் பலர் பின்பற்றினர். பலிபீடத்தின் முன் மக்கள் உணர்ந்து பழகிய பயபக்தி, அவர்கள் அறியாமலேயே படை அதிகாரிமீது படிந்தது. மூர்ஹவுஸ் சாதாரணப் படைவீரராகத் தொடங்கித் திறமையால் உயர்ந்தவர். பிறப்பால் பெருமக்களுள் ஒருவர் அல்லர். பிறப்பு தராத உயர்வை ஓவியம் தந்தது. அதே வாயிலில் அதே நாளில் விழுந்த சிப்பாய்களுக்கு அது எதையும் தரவில்லை.

மைசூரின் சுவர்

ஓவியத்தை ஆயுதமாக்கியவர்கள் ஆங்கிலேயர் மட்டும் அல்லர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு 1784-இல் கட்டிமுடித்த தரியா தௌலத் மாளிகையின் சுவரில், 1780 செப்டம்பர் 10-இல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் நடந்த போர் தீட்டப்பட்டுள்ளது. அங்கே ஆங்கிலப் படையின் வெடிமருந்து வண்டி தீப்பற்றி வெடிக்கிறது. கர்னல் பெய்லி பல்லக்கில் அமர்ந்து விரலைக் கடிக்கிறார். போர் நடுவே திப்பு, தோட்டத்தில் உலாவுபவர்போல் ஒரு ரோசாப்பூவை முகர்ந்தபடி படை நடத்துகிறார். ஐரோப்பிய ஓவியத்தின் அமைதியான முகமும், மைசூர் ஓவியத்தின் ரோசாப்பூவும் சொல்வது ஒன்றே: பிறர் பதறும் இடத்தில் பதறாதவனே ஆளத் தகுந்தவன்.

பொள்ளிலூரில் சிறைப்பட்டவர்களுள் டேவிட் பேர்டு என்னும் இளம் அதிகாரியும் ஒருவர். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784 வரை அவர் சிறையில் கிடந்தார். 1799 மார்ச்சில் ஜெனரல் ஹாரிசின் பெரும்படை இராயக்கோட்டையையும் கெலமங்கலத்தையும் கடந்து மைசூருக்குச் சென்றபோது அதில் பேர்டும் இருந்தார். கோட்டையைத் தாக்கிய படைக்குத் தலைமை தாங்கியவரும் அவரே. அவர் இறந்த பின் அவருடைய மனைவியின் விருப்பப்படி டேவிட் வில்கி ஓர் ஓவியம் எழுதினார். 1839-இல் அது மக்கள் பார்வைக்கு வந்தது. பேர்டு நிமிர்ந்து நிற்கிறார். அவர் காலடியில் விளக்கொளியில் திப்புவின் உடல். பேர்டு நிற்கும் இடத்திற்குக் கீழே நிலவறையின் கம்பியழி ஒன்றும் தீட்டப்பட்டுள்ளது. சிறைப்பட்டவன் வென்றவனாக எழுந்தான் என்று அக்கம்பிகள் பேசுகின்றன.

பொள்ளிலூர்ச் சுவரோவியம் சிதைந்தபோது அதைப் புதுப்பிக்க 1850-களில் ஆணையிட்டவர் டல்ஹவுசி பிரபு என்பது விந்தையாகத் தோன்றலாம். தம் இனத்தாரின் தோல்வியை ஆங்கிலேயரே காத்தது ஏன்? இறுதி வெற்றி உறுதியான பின், பழைய தோல்வி வெற்றியின் பெருமையைக் கூட்டும் அணியாகிவிடுகிறது. பகைவனின் படத்தைச் சுவரில் வைத்துக்கொள்வதும் ஆள்பவனின் தன்னம்பிக்கையே.

பாறையிலும் கல்லிலும்

இவ்விரு பேரரசுகளும் வருவதற்கு நெடுங்காலம் முன்பே நம் பகுதியில் போர்வீரனை எழுதும் வழக்கம் இருந்தது. பர்கூரை அடுத்த மல்லப்பாடியில் ஒரு பாறையில் வெள்ளை நிறத்தில் குதிரை வீரர் இருவர் ஆயுதம் ஏந்தி எதிரெதிரே மோதுகின்றனர். முகம் இல்லை, பெயர் இல்லை, பதவிச் சின்னம் இல்லை. கை, கால், குதிரை, ஆயுதம் ஆகியவை மட்டும் சில கோடுகளில் நிற்கின்றன. யார் வென்றார் என்று சொல்லும் நோக்கம் அந்த ஓவியனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. போர் நிகழ்ந்தது என்பதே அவன் தரும் செய்தி.

அடுத்து நடுகற்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் பகுதிகளைப் போல் நடுகற்கள் மிகுந்த நிலம் தமிழகத்தில் வேறில்லை எனலாம். ஊர் மாடுகளைக் கவர்ந்து சென்றவர்களோடு போரிட்டு மாண்டவன், ஊரைக் காத்து விழுந்தவன், புலியோடு பொருதவன் ஆகியோருக்கு ஊரார் எழுப்பிய கற்கள் இவை. பழைய கற்களில் வீரன் ஒரு கையில் வில்லும் மறு கையில் வாளும் ஏந்தி நிற்பான்; உடலில் அம்புகள் தைத்திருக்கும். ஓசூர்ப் பக்கத்துக் கற்கள் பலவற்றில் மூன்று அடுக்குகள் உண்டு. கீழே போர், நடுவே அவனை மேலுலகுக்கு அழைத்துச் செல்லும் தேவமகளிர், உச்சியில் இறைவழிபாடு. கல்வெட்டில் அரசனின் ஆட்சியாண்டு வரும்; ஆனால் உருவம் அரசனுடையது அன்று. உருவம் இறந்தவனுக்கு உரியது.

செங்கம் பகுதியில் எடுத்தனூர் என்னும் ஊரில் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உள்ளது. கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எடுக்கப்பட்டது அது. அவன் அருகில் ஒரு நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துத் தலைவனோடு நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டு தெளிவாகக் குறிக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர், தன்னைக் காத்த நாயின் பெயரையும் மறவாமல் பொறித்தது. ஹோமின் ஓவியத்தில் அதிகாரிகளின் முகங்களை அடையாளம் காணலாம். கம்பெனிப் படையில் பெரும்பான்மையினரான இந்தியச் சிப்பாய்களோ பெயரற்ற வரிசையாக நிற்கின்றனர். முதல் உலகப் போரின் நினைவாகத் தமிழகத்து ஊர்கள் பலவற்றில் ஆங்கிலேயர் பதித்த கற்களும் அத்தகையனவே. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் சென்றனர், இத்தனை பேர் உயிர் நீத்தனர் என்று அவை எண்ணிக்கை கூறும். பெயர் கூறுவதில்லை.

தகடூரை ஆண்ட அதியமான் மறைந்தபோது அவனுக்கும் நடுகல்லே நாட்டினர். அதைக் கண்டு ஔவையார் வருந்திப் பாடிய பாடல் புறநானூற்றில் உள்ளது. மன்னனுக்கும் மாடு மீட்டவனுக்கும் ஒரே வகைக் கல் கிடைத்தது என்பது நாம் ஆழ்ந்து எண்ணத்தக்கது. நடுகல் மரபு போரைப் புகழ்ந்தது என்பதை மறுப்பதற்கில்லை. பெண்களின் துயரையும், எதிரியின் ஊரில் எழுந்த அழுகையையும் அது பெரும்பாலும் சொல்லவில்லை. எனினும் பிறரை இறக்கச் செய்தவனை விடுத்து, பிறருக்காக இறந்தவனை அது நிமிர்த்தி வைத்தது. அவன் உடலில் தைத்த அம்புகளை அது மறைக்கவில்லை. நம் ஆலயங்களில் வணங்கும் புனித செபஸ்தியாரும் உரோமைப் படையில் பணியாற்றியவரே. ஆனால் அவருடைய உருவத்தில் கவசமும் பட்டயமும் காண்பதில்லை. கட்டுண்ட உடலையும் அம்புகளையும் காண்கிறோம். அவருடைய மேன்மையை அம்புகளே சொல்லுகின்றன.

மண்டபமும் மனிதரும்

பிளாசியிலும் ஸ்ரீரங்கப்பட்டணத்திலும் பெற்ற வெற்றிகளைக் கொண்டாடச் சென்னையில் 1802-இல் ஒரு விருந்து மண்டபம் கட்டி முடிக்கப்பட்டது. அதன் முகப்புச் சிற்பங்கள் அவ்வெற்றிகளை நினைவூட்டின. உள்ளே கவர்னர்களும் தளபதிகளும் ஆளுயரப் படங்களில் நின்றனர். விடுதலைக்குப் பின் அம்மண்டபம் ராஜாஜி மண்டபம் ஆயிற்று. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த இராஜகோபாலாச்சாரியார், காரன்வாலிஸ் வகித்த தலைமை ஆளுநர் பதவியைச் சுதந்திர இந்தியாவில் வகித்த ஒரே இந்தியர். கதர் வேட்டியும் துண்டும் கறுப்புக் கண்ணாடியும் அவருடைய அடையாளங்கள். வாளோ விருதோ குதிரையோ அவருக்குத் தேவைப்படவில்லை. 1972 டிசம்பரில் அவர் மறைந்தபோது அந்த மண்டபத்தில்தான் மக்கள் வரிசையாக வந்து அவருக்கு இறுதி மரியாதை செலுத்தினர். ஓசூர் வழியே சென்று பெற்ற வெற்றிக்கு எழுப்பிய மண்டபம் ஓசூர் மண்ணின் மகன் பெயரைத் தாங்குகிறது. வரலாறு சில வேளைகளில் ஓவியரையும் மிஞ்சி எழுதுகிறது.

ஆயினும் பழைய இலக்கணம் அழிந்துவிடவில்லை. இன்று நம் தெருமுனைகளில் எழும் பதாகைகளைப் பாருங்கள். ஒரு முகம் வானளவு பெரிதாக இருக்கும். அதன் கீழே பொத்தான் அளவில் தொண்டர்களின் தலைகள் வரிசையாக இருக்கும். சில தலைவர்கள் வாளேந்திக் குதிரையிலும் வருகின்றனர். தொழில்நுட்பம் மாறியிருக்கிறது, பார்ப்பவனை அண்ணாந்து பார்க்கவைக்கும் நோக்கம் அப்படியே இருக்கிறது. அந்தப் படங்களின் முன் நிற்கும்போது நடுவில் இருப்பவர் யார் என்று கேட்பதோடு நின்றுவிடலாகாது. ஓரத்தில் இருப்பவர் யார், படத்திற்குள் வராமலே போனவர் யார், இந்தப் பெருமைக்கு விலை கொடுத்தவர் யார் என்றும் கேட்கப் பழக வேண்டும். பிள்ளைகளுக்கு வரலாறு கற்பிக்கும் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் இது சிறந்த பயிற்சி.

நம் கண்முன் உள்ள கடமையும் ஒன்று உண்டு. காரன்வாலிசின் படங்கள் குளிரூட்டிய அறைகளில் பாதுகாப்பாக இருக்கின்றன. மாடு மீட்டு மாண்டவனின் கல்லோ வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் புதிய மனைப்பிரிவின் ஓரத்திலும் கிடக்கிறது. சில கற்கள் துணி துவைக்கப் பயன்படுகின்றன. சில சாலை விரிவாக்கத்தில் புதைகின்றன. வெள்ளை ஓவியங்கள் தாங்கிய பாறைகளுக்குக் கல்குவாரிகள் அச்சமூட்டுகின்றன. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகம் சில நடுகற்களைக் காத்துவருகிறது. உள்ளூர் ஆர்வலர்கள் ஊர் ஊராகச் சென்று பதிவு செய்கின்றனர். அவர்களுக்குத் துணைநிற்பது நம் ஒவ்வொருவருக்கும் இயலும். நம் ஊரில் அப்படி ஒரு கல் சாய்ந்து கிடந்தால் அதை நிமிர்த்தி, மண்ணைத் துடைத்து, அதில் எழுதியுள்ள பெயரை ஒருமுறை உரக்கப் படிப்போம். அவன் காத்த ஊரில் அந்தப் பெயர் மீண்டும் ஒலிக்கட்டும்.